பறந்ததும் பதிந்ததும்

போர்விமானச் சிமுலேட்டர்களில் கூட்டாகப் பறப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பணி முடிந்து, ஓடுபாதையில் இறங்கி, என்ஜினை அணைத்த பிறகும் யாரும் கலைவதில்லை. ஹெட்செட்டைக் கழற்றாமல் பதிவுக் கோப்பைத் திறக்கிறார்கள். பறந்தது முழுவதையும் முதலிலிருந்து பார்க்கிறார்கள். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்து, வாதாடி முடிக்கும்போது பறந்த நேரத்தைவிட அதிக நேரம் போயிருக்கும். விளையாட்டு முடிந்தபின் நடக்கும் அரட்டை என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தோன்றலாம். என்னைப் பொறுத்தவரை இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அந்த இரண்டாவது அமர்வில்தான் இருக்கிறது. மனிதர்கள் தாங்கள் செய்ததை எப்படி நினைவில் வைக்கிறார்கள், எப்படி மாற்றி வைக்கிறார்கள், நடந்தது கண்முன்னால் ஓடும்போது என்ன செய்கிறார்கள் என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நாங்கள் நான்கு பேர். தலைமை ஏற்பவர் திருச்சிக்காரர், ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் அண்ணன். ஒருவர் கிளிநொச்சியில் பிறந்து டொராண்டோவில் வாழ்பவர். இன்னொருவன் சிங்கப்பூரில் படிக்கும் பையன். நான் சென்னை. நாங்கள் சேரும் சர்வர் ஐரோப்பாவில் இருப்பதால், அங்கே மாலைக் கூட்டம் கூடும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

பறப்பது பெரும்பாலும் 'ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ்' வரிசையின் குபான் வரைபடத்தில். கருங்கடலின் வடகிழக்குக் கரையில் நோவரசீஸ்க் துறைமுகம், அதன் முதுகில் மலை, மலைக்கு வடக்கே குபான் ஆறு பாயும் சமவெளி. 1943 ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை சோவியத், ஜெர்மானிய விமானப்படைகள் இந்தச் சிறிய வானத்தில் இடைவிடாமல் மோதின. எங்கள் விமானம் பி-39 ஏராகோப்ரா. அமெரிக்காவில் பெல் நிறுவனம் செய்தது. போர் உதவியாக சோவியத் நாட்டுக்குப் போனது. என்ஜின் விமானிக்குப் பின்னால் இருக்கும். அதன் சுழல்தண்டு அவர் கால்களுக்கு நடுவே ஓடி முன்னாலுள்ள விசிறியைச் சுழற்றும். விசிறியின் நடுத்துளை வழியாக 37 மி.மீ. பீரங்கி சுடும். ஏறி உட்காரக் காருக்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் கதவு. எடை மையம் பின்னுக்கு இருப்பதால், மெதுவான வேகத்தில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் தட்டையாகச் சுழன்று விழத் தொடங்கிவிடும். அமெரிக்கர்களும் பிரிட்டிஷாரும் பெரிதாக மதிக்காத இந்த விமானத்தை சோவியத் விமானிகள் மனமார ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு பறப்பைச் சொல்கிறேன். க்ரிம்ஸ்கயா பக்கம் தாக்கப் போகும் ஏ-20 குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவல் போகும் வேலை. குண்டுவீச்சு விமானங்கள் 3,000 மீட்டரில், நாங்கள் அவற்றுக்கு ஆயிரம் மீட்டர் மேலே, இரண்டு ஜோடிகளாக. எழும்பியதிலிருந்து இலக்கு வரை ஒன்றுமே நடக்கவில்லை. இப்படிச் சொன்னால் பறக்காதவர்களுக்குப் புரியாது. ஏறும்போது ரேடியேட்டரைத் திறந்து வைத்தால் வேகம் குறையும், மூடினால் என்ஜின் சூடேறும். இரண்டுக்கும் நடுவே விரல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. தலையில் மாட்டிய கருவி கழுத்தசைவைத் திரைக்குக் கொண்டுபோகிறது; நாற்பது டிகிரி திருப்பினால் காக்பிட்டில் முழுக்கப் பின்னால் பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். எதிரி விமானம் தூரத்தில் ஒரு புள்ளி. திரையில் ஒன்றிரண்டு பிக்சல். மேகத்தின் விளிம்பிலும் காட்டின் கருமையிலும் அது கரைந்துபோகும். பெயர்ப்பட்டையோ அம்புக்குறியோ எங்கள் சர்வரில் கிடையாது. பத்து மணித் திசை, பன்னிரண்டு மணி, இரண்டு மணி, மேலே, கீழே, பின்னால் என்று இந்தச் சுற்றிலேயே நேரம் போகிறது.

குண்டுகள் விழத் தொடங்கியபோது அண்ணனின் விமானம் தீப்பற்றியது. "பிரேக், பிரேக்!" என்று, சட்டென்று திரும்பச் சொல்லி, யாரோ கத்தினார்கள். அதற்குள் அவர் பாராசூட்டில் இருந்தார். மீதி மூன்று பேரும் அடித்துப் பிடித்து வீடு திரும்பினோம்.

கோப்பைத் திறப்பதற்கு முன்பு, பார்த்ததை ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சிங்கப்பூர்ப் பையன், மேகத்துக்குக் கீழிருந்து இரண்டு ஜெர்மானிய 109 போர்விமானங்கள் ஏறி வந்ததாகச் சொன்னான். டொராண்டோக்காரர் ஒன்றுதான், அதுவும் சூரியன் பக்கமிருந்து என்றார். நான் கண்டது தீப்பொறி வரிசை மட்டும், விமானத்தையே பார்க்கவில்லை. மூன்று பேரும் உறுதியாகத்தான் பேசினோம்.

பதிவில் இருந்தது வேறு. ஒரு ஜோடி 109 ஜி-4, ஏறத்தாழ 6,000 மீட்டரில், எங்கள் பின்னால் நெடுநேரமாக நிதானமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. ஒன்று இறங்கியது, சுட்டது, எங்களுக்குக் கீழே போய், மேகத்தின் ஓரத்திலிருந்து மறுபடி மேலே ஏறியது. மற்றது உயரத்திலேயே நின்று காவல் காத்தது. மேகத்துக்குக் கீழிருந்து வந்ததாகப் பையன் சொன்னது, சுட்டுவிட்டு ஏறிப் போன அதே விமானம். அவன் கண் பொய் சொல்லவில்லை, வரிசைதான் மாறிப்போயிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சுடப்படுவதற்குச் சில நொடிகள் முன்பு அண்ணனின் விமானம் இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்துகிறது. திரும்பவில்லை, இறங்கவுமில்லை; இறக்கை தாழ்ந்து அப்படியே நிற்கிறது. அந்தச் சரிவில் அவருடைய பின்மேற்பகுதி அவர் கண்ணுக்கு முழுக்க மறைந்திருக்கும். 109 அப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது. பையன் அந்த இடத்தை மூன்று கோணங்களில் ஓட்டிக் காட்டி, "ஏன் அண்ணா சாய்ச்சீங்க?" என்று கேட்டான். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "குண்டு எங்க விழுதுன்னு பாக்கணும்னு தோணிச்சுப்பா. அவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தோமே."

அந்தக் கோப்பில் நான்கு விமானங்களின் ஒவ்வொரு அசைவும் இருக்கிறது. எரிபொருள், வேகம், குண்டு பட்ட இடம் எல்லாம் இருக்கிறது. அண்ணன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் அதில் எங்கேயும் இல்லை. அவர் அன்று எங்களோடு உட்காராமல் படுக்கப் போயிருந்தால், அந்த இறக்கைச் சரிவுக்கு நாங்களே ஒரு காரணத்தைக் கட்டிக்கொடுத்திருப்போம். அது தவறாகவும் இருந்திருக்கும்.

பதிவு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, ஒவ்வொரு சிமுலேட்டரும் பதிவது வெவ்வேறு பொருள். 2001இல் மாஸ்கோவில் ஒலெக் மேடாக்ஸின் குழு வெளியிட்ட முதல் ஐஎல்-2இல் இணையப் பறப்புக்கென்று தனிக் கோப்பு வகை இருந்தது. சர்வரிலிருந்து உங்கள் கணினிக்கு வந்துசேர்ந்த தகவல்களை அது அப்படியே சேமித்துக்கொள்ளும். பறக்கும்போது காக்பிட்டைவிட்டு வெளியே பார்க்கப் பல சர்வர்கள் விடுவதில்லை. பறந்து முடித்துக் கோப்பை ஓட்டினால் எந்த விமானத்தையும் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். டி.சி.எஸ். என்ற சிமுலேட்டர் வேறு வழியில் போகிறது. அதன் ட்ராக் கோப்பு முதன்மையாக வைத்திருப்பது விமானி செய்த செயல்களை: ஸ்டிக்கை எப்போது எவ்வளவு இழுத்தார், எந்தச் சுவிட்சைப் போட்டார் என்பதை. ஓட்டும்போது கணினி அந்தச் செயல்களை வைத்துப் பறப்பு முழுவதையும் மறுபடி கணக்கிடுகிறது. இதில் ஒரு வினோதம் நேர்கிறது. நீண்ட பறப்பில் எங்கோ ஓரிடத்தில் நுண்ணிய வேறுபாடு ஒன்று நுழைந்தால், அது வளர்ந்துகொண்டே போகும். நிஜத்தில் பத்திரமாக இறங்கிய விமானம் மறு ஓட்டத்தில் ஓடுபாதைக்குப் பக்கத்திலுள்ள வயலில் மோதி எரியும். கைகள் செய்தது அத்தனையும் சரியாக இருக்கும். உலகம் மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். டாக்வியூ என்ற மென்பொருளோ செயல்களைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. டி.சி.எஸ்., ஃபால்கன் பி.எம்.எஸ். போன்ற சிமுலேட்டர்களிலிருந்து விமானங்களின் இடத்தையும் சாய்வையும் எடுத்து, வானில் வண்ண நாடாக்களாக வரைந்து காட்டுகிறது. யார் யாரைச் சுற்றினார்கள், யாருக்கு ஆற்றல் தீர்ந்தது என்பதை அறிய அதைவிட நல்ல கருவி இல்லை. இவை தவிர, திரையையே வீடியோவாகப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் குரல் இருக்கும்; தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பதும் தெரியும். மனதுக்கு ஓரளவாவது அருகில் வருவது இந்த வீடியோதான் என்று நினைக்கிறேன். அதிலும் கண் எதைப் பார்த்தது என்பது தெரியாது.

ஒரே சண்டையில் இருந்த இருவரின் கோப்புகளும் ஒத்துப்போவதில்லை. சென்னைக்கும் ஐரோப்பிய சர்வருக்கும் நடுவே தகவல் போய்வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 28 மீட்டர் நகர்ந்துவிடும். ஏராகோப்ராவின் நீளம் 9 மீட்டர் சொச்சம். அதாவது மூன்று விமான நீளம். நான் பார்க்கும் எதிரி, அவர் இருந்த இடத்தை வைத்து என் கணினி ஊகித்துப் போட்ட படம். அவர் நேராகப் போனால் ஊகம் பொருந்தும். சட்டென்று திரும்பினால் பிசகும். என் பதிவில் அவருடைய இறக்கையை உரசாமல் தப்பியிருப்பேன்; அவர் பதிவில் இருவரும் மோதியிருப்போம். எத்தனையோ நட்புகளில் இது கசப்பை உண்டாக்கியிருக்கிறது. இருவரும் நேர்மையாகப் பேசுகிறார்கள், இருவர் கையிலும் சான்று இருக்கிறது என்ற நிலையை நம் சொந்த வாழ்க்கையில் ஏற்றுக்கொள்வது கடினம். அதை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இங்கேதான் வந்தது.

இந்த ஊக முறை 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக டார்பா ஆய்வு அமைப்பு உருவாக்கிய சிம்நெட் வலையமைப்பில் வளர்ந்தது. ஊர் ஊராக இருந்த டாங்கிப் பயிற்சிக் கூண்டுகளை ஒரே போர்க்களத்தில் இணைத்தார்கள். மற்ற வண்டிகள் எங்கே இருக்கும் என்று ஒவ்வொரு கணினியும் தானே கணித்துக்கொள்ளும். கணிப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் தப்பினால் மட்டும் திருத்தச் செய்தி வரும். 1991 பிப்ரவரி 26 அன்று ஈராக் பாலைவனத்தில், 73 ஈஸ்டிங் என்று வரைபடக் கோட்டின் பெயராலேயே அழைக்கப்பட்ட டாங்கிச் சண்டை நடந்தது. போர் முடிந்த கையோடு, சண்டையிட்ட அமெரிக்கப் படையினரைக் களத்துக்கே அழைத்துப்போய்ப் பேட்டி கண்டு, மணலில் கிடந்த தடங்களை அளந்து, அந்தச் சண்டையை சிம்நெட்டில் மறுபடி கட்டினார்கள். விரும்பிய இடத்தில் நின்று, விரும்பிய நொடியில் நிறுத்தி, அதைச் சுற்றிப் பார்க்கலாம். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் பேட்டி கண்டது பெரும்பாலும் வென்ற தரப்பை. எரிந்த டாங்கியில் இருந்தவருக்குக் கடைசி நிமிடத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதற்கு அந்தப் பதிவில் இடமே இருந்திருக்க முடியாது.

பறப்பவர்களின் நினைவை நம்பக்கூடாது என்பது போர் வரலாற்றுக்குப் பழைய பாடம். 1940 செப்டம்பர் 15 அன்று, பிரிட்டன் வான்போரின் உச்ச நாளில், 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் ஜெர்மானிய ஆவணங்களைப் பார்த்தால் இழப்பு ஏறத்தாழ 60. யாரும் திட்டமிட்டுப் பொய் சொல்லவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டார்கள். புகை கக்கிக்கொண்டு மேகத்துக்குள் போனதை விழுந்ததாக நினைத்தார்கள். இறக்கையில் பொருத்திய துப்பாக்கிக் கேமராக்கள் இதற்கு ஓரளவு உதவின. ஆனால் அவை சுடும்போது மட்டும் ஓடும்; முன்னால் இருப்பதை மட்டும் பார்க்கும்.

அமெரிக்கக் கடற்படைக்கு இந்தப் பாடம் வியட்நாமில் வந்தது. கொரியப் போரில் இருந்த வான்மேலாதிக்கம் அங்கே கரைந்துபோக, 1968இல் காப்டன் ஃப்ராங்க் ஆல்ட்டிடம் காரணத்தை ஆராயச் சொன்னார்கள். அவருடைய அறிக்கையைத் தொடர்ந்து 1969இல் கலிஃபோர்னியாவின் மிராமரில் டாப்கன் பள்ளி தொடங்கியது. அங்கே பறப்பைவிட நீண்டு போனது, பறந்தபின் நடக்கும் விசாரணை. கரும்பலகையை முதலில் பிடிப்பவரே சண்டையை வென்றவர் என்று சொல்லும் அளவுக்கு அது நினைவுகளின் போட்டியாக இருந்தது. 1970களில் அரிசோனாவின் யூமா போன்ற பயிற்சி வெளிகளில் புதிய ஏற்பாடு வந்தது. இறக்கைக்கு அடியில் ஒரு குப்பி போன்ற கருவி; தரையில் கோபுரங்கள்; ஒவ்வொரு விமானமும் எங்கே, எந்தச் சாய்வில் இருந்தது என்பதைக் கணினி திரும்ப வரைந்து காட்டியது. ஏ.சி.எம்.ஐ. என்பது அதன் பெயர். இன்று டாக்வியூ சேமிக்கும் கோப்புக்கும் அதே பெயர்தான். படுக்கையறை மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அன்றைய கடற்படை விமானிகள் ஏங்கிய வசதி இலவசமாகக் கிடைக்கிறது.

இன்னும் பின்னால் போகலாம். 1929இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் ஊரில், தன் தந்தையின் ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளைக் கொண்டு எட்வின் லிங்க் செய்த பயிற்சிக் கூண்டுதான் பரவலாகப் பயன்பட்ட முதல் விமானச் சிமுலேட்டர். அதோடு, பயிற்சியாளரின் மேசைமேல் மூன்று சக்கரமுள்ள சிறு கருவி ஒன்று ஊர்ந்து, மாணவர் பறந்த வழியை வரைபடத்தின்மேல் மையால் கோடு போட்டுக்கொண்டே போனது. கூண்டுக்குள் இருட்டு, மாணவருக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியாது. வெளியே மேசையில் எல்லாம் தெரியும். சிமுலேட்டரும் பதிவும் ஒரே வீட்டில் பிறந்தவை.

குபானுக்கே திரும்புகிறேன், ஏனென்றால் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த மனிதர் அங்கே இருந்தார். அலெக்சாந்தர் போக்ரிஷ்கின். 16ஆவது காவற்படை வேட்டை விமான ரெஜிமென்ட்டில் ஏராகோப்ரா ஓட்டியவர். அதிகாரபூர்வக் கணக்கில் 59 விமானங்களை வீழ்த்தியவர். எண்ணிக்கையைவிட முக்கியம், அவர் ஒவ்வொரு சண்டையையும் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தார் என்பது. அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் உயரம், வேகம், திருப்பம், சூடு என்ற அவரது வரிசை. ஜோடிகளைப் படிக்கட்டுபோல வெவ்வேறு உயரத்தில் அடுக்கி அனுப்பும் முறை 'குபான் அடுக்கு' என்று பெயர் பெற்றது. எங்கள் அண்ணனைச் சுட்ட அந்த 109 ஜோடியில் ஒன்று மேலேயே நின்றதே, அந்தப் பாடத்தைத்தான் எதிர்த்தரப்பில் யாரோ ஒருவர் எங்கள்மேல் பயன்படுத்தியிருந்தார்.

போக்ரிஷ்கின் வரைந்த கோட்டுக்கும் கணினி வரையும் கோட்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அவருடைய படத்தில் இருந்தவை அவர் பார்த்தவை, பிறகு தோழர்களிடம் கேட்டு அறிந்தவை. பார்க்காததைக் கேட்டுத்தான் நிரப்பவேண்டும். கேட்டால்தான் அது பார்க்காதது என்பதே புலப்படும். கணினிக் கோப்போ பார்த்ததையும் பார்க்காததையும் ஒரே அழுத்தத்தில் வரைந்து தருகிறது. உயரத்தில் தொடர்ந்து வந்த 109 ஜோடி எங்கள் கோப்பில் பளிச்சென்று நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, எப்படித் தவறவிட்டோம்" என்று கேட்பது இயல்பு. அது நியாயமில்லாத கேள்வி. காக்பிட்டில் உட்கார்ந்தவருக்கு அது ஒற்றைப் புள்ளியாகக்கூட இருந்திருக்காது.

இந்த அநியாயத்தை வெளிக்கோணக் கேமரா ஒவ்வொரு முறையும் செய்கிறது. எல்லாவற்றையும் ஒருசேரக் காட்டி, அன்று அங்கே இருந்தவரை மடையராக்குகிறது. அதனால் முதல் தடவை காக்பிட்டுக்குள் இருந்து மட்டும் பார்க்கிறோம். சில இடங்களில் நிறுத்தி, "இந்த நொடியில் உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கிறோம். பதில் வந்தபிறகுதான் கேமராவை வெளியே கொண்டுபோகிறோம். இது மெதுவான வேலை. ஆனால் இப்படிப் பார்த்தால்தான் தீர்மானம் தவறா, தகவல் போதவில்லையா என்பதைப் பிரிக்க முடிகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் விளைவைத் தருபவை. திருத்தும் வழி மட்டும் முற்றிலும் வேறு.

யூடியூபில் கிடைக்கும் வான்சண்டைப் படங்களில் இதெல்லாம் கிடைக்காது. அங்கே வருவது கடைசி இருபது நொடி: இலக்கு குறியில் விழுகிறது, பீரங்கி முழங்குகிறது, இறக்கை பிய்கிறது, பின்னணியில் பாட்டு. எடுத்தவர்களின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. சிலருடைய ஒளியமைப்பும் கேமரா நகர்வும் அழகானவை. ஆனால் அந்த இருபது நொடிக்கு முன்பு நாற்பது நிமிடம் இருந்தது. உயரத்தைச் சேர்த்ததும், சூரியனை முதுகில் வைத்துக்கொண்டதும், ஆசையாக இருந்தபோதும் இறங்காமல் காத்ததும் அந்த நாற்பது நிமிடத்தில்தான். அதை வெட்டியெறிந்துவிட்டு வெற்றியை மட்டும் காட்டினால், புதிதாக வரும் பையன்கள் சண்டை என்பது சுடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றும் நடக்காத பதிவுகளே என் வட்டில் அதிகம் இருக்கின்றன. அவற்றை அழிக்க மனம் வருவதில்லை. கற்பதற்கு அவற்றில்தான் அதிகம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. இந்தப் பதிவுகளில் தரையில் மனிதர்கள் இல்லை. ஸ்டாலின்கிராட் வரைபடத்தில் வோல்கா கரை நெடுகக் கட்டடங்கள் இருக்கின்றன, புகை எழுகிறது. 1942 ஆகஸ்ட் 23 அன்று அந்த நகரத்தின்மேல் குண்டுமாரி பொழிந்தபோது வீடுகளில் இருந்தவர்கள் இல்லை. குண்டு விழுந்தால் ஒரு பொருள் அழிந்ததாகக் கணக்கு ஏறும். எங்கள் டொராண்டோ நண்பர் காவல் பறப்புக்கு மட்டும் வருவார். தரைத் தாக்குதலுக்கு வரமாட்டார். காரணத்தை நாங்கள் கேட்டதில்லை. 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த இஸ்ரேலியத் தயாரிப்பான கிபிர், ஈழத்தில் குண்டுபோடும் விமானத்துக்கே பொதுப்பெயராகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகளில் அவரும் ஒருவர். ஒருநாள் ஏ-20 ஒன்றின் குண்டுகள் இறங்குவதைப் பதிவில் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். "அண்ணை, இஞ்ச இருந்து பாக்க வடிவாத்தான் இருக்கு. கீழ நிண்டவைக்குச் சத்தம் மட்டுந்தான்," என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை, பதிவை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு குண்டு விழும் இடத்தை நெருக்கமாகப் பார்ப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நம்புகிறேன். இந்தப் பொழுதுபோக்கை நேசிப்பவர்கள், அது எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைத் தெரிந்தே நேசிக்கவேண்டும்.

கருவி விட்டுவிடுவதைச் சொற்களால் காப்பாற்ற முடியும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. முதல் உலகப்போரில் வான்போருக்கு முதன்முதலில் விதிகள் வகுத்த ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே, 1916 அக்டோபர் 28 அன்று தன் நெருங்கிய தோழர் எர்வின் போமேயின் விமானம் உரசியதால் விழுந்து இறந்தார். இருவரும் ஒரே எதிரியைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். பதிவு எதுவும் கிடையாது. போமே எழுதிய கடிதம் இருக்கிறது. இறக்கைகள் மறைத்ததால் அந்தக் கணத்தில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார். அன்று ஏ.சி.எம்.ஐ. இருந்திருந்தால் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் தொடுவதைத் தெளிவாகக் காட்டியிருக்கும். பார்க்கவில்லை என்பதை ஒரு மனிதர்தான் சொல்ல முடிந்தது.

கோப்புகளுக்கு ஆயுளும் குறைவு. சிமுலேட்டர் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் விமானத்தின் பறக்கும் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பழைய ட்ராக் புதிய பதிப்பில் பலமுறை திறப்பதில்லை. திறந்தாலும் வேறொரு பறப்பாக ஓடுகிறது. செயல்களைப் பதியும் கோப்புக்கு இது மிக விரைவில் நேரும். டாக்வியூ கோப்பு நீண்ட காலம் தாங்கும், ஏனென்றால் அதில் இருப்பது இடமும் நேரமும் மட்டும்.

எனவே, சேர்ந்து பறக்கும் நண்பர்களே, சண்டையை மட்டும் வெட்டி வைக்காமல் எழும்பியதிலிருந்து இறங்கியது வரை முழுப் பதிவையும் வையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, வரைபடம், பதிப்பு எண் மூன்றையும் போடுங்கள். அதே அடைவில் ஒரு சிறு உரைக்கோப்பைத் திறந்து, பதிவைப் பார்ப்பதற்கு முன்பே, நீங்கள் என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், எந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உங்கள் சொந்தத் தமிழில் நாலு வரி எழுதி வையுங்கள். மற்றவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.